சிரில் மாறிலி

சனிக்கிழமை மத்தியானம் காக்ஸ் டவுன் பிரவுசிங் சென்டரில் யசோதா தன் கட்டுரையைத் திறந்தபோது கட்டுரையைக் காணோம். ‘மின்முலாம் பூசுதல்’ என்று தலைப்பு மட்டும் பத்திரமாக இருந்தது. அதற்குக் கீழே எட்டு மாதமாக மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய பதினாறு பத்திகளுக்குப் பதிலாக ஒரு மஞ்சள் பெட்டி. ‘இக்கட்டுரை பேராசிரியர் முனைவர் ராஜேந்திரன் அவர்களின் “தொழில் வேதியியல் பேழை” என்னும் நூலிலிருந்து எடுத்தாளப்பட்டதாகப் புகார் வந்துள்ளது. ஒன்பது நாட்களுக்குள் தக்க மறுப்பு வராவிடில் நிரந்தரமாக நீக்கப்படும்.’

எடுத்தாளப்பட்டது என்றால் திருடியது. நாகரிகமான தமிழில் திட்டுவதில் இது ஒரு சௌகரியம். பீன்யா பஸ்ஸில் கூட்டம் பிதுங்குகிற நாளிலும் கண்டக்டரைத் தேடிப்போய் டிக்கெட் வாங்குகிறவள் யசோதா. முகம் ஜிவ்வென்று சிவந்துவிட்டது அவளுக்கு.

அது இணையத்தில் உள்ள ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. அந்த 2007-ஆம் வருஷத்தில் அதில் அரசர்கள் நிறைய இருந்தார்கள், நடிகைகள் அதைவிட நிறைய இருந்தார்கள். எலக்ட்ரோபிளேட்டிங் பற்றி மூன்றே வரி இருந்தது. அதில் இரண்டு தப்பு. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு முலாம் பூசும் கம்பெனியில், தொட்டித் தொட்டியாகக் கரைசலை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது யசோதாவின் உத்தியோகம். அந்த இரண்டு தப்பையும் அவளால் தாங்க முடியவில்லை. அப்படித்தான் இந்த வம்பில் மாட்டினாள்.

அவளோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிரில். அதே கம்பெனியில் ஃபோர்மேன். ஜீவனஹள்ளியில் யசோதா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். இருபத்திரண்டு வருஷம் குரோமியத் தொட்டியின் ஆவியைக் குடித்ததில் மூக்குக்குள் நடுச்சுவர் ஓட்டையாகிவிட்டது. “இந்தப் பக்கம் சளி புடிச்சா அந்தப் பக்கமும் நியூஸ் போயிடும்மா” என்பார். கம்ப்யூட்டர் பக்கம் போகமாட்டார். யசோதா அச்செடுத்துக் கொடுத்தால் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பித் தருவார். மற்றவன் கிரண். திருவண்ணாமலைக்காரன், ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை. களஞ்சியத்தில் அவனுக்கு நிர்வாகி என்று ஒரு பதவி. சம்பளமில்லாத பதவி என்றால் நம் ஆட்கள் இரண்டு மடங்கு விறைப்பாகிவிடுவார்கள், கிரணும் விதிவிலக்கில்லை.

இவர்களுக்குள் ஒரு தனிப் பழக்கம் இருந்தது. களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் விவாதம் செய்ய ஒரு பக்கம் உண்டு. அங்கே எதையாவது கேட்டால், ‘தொட்டி’ தூய தமிழா இல்லையா என்று பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஆகவே யசோதாவும் கிரணும் கேட்க வேண்டியதைக் கட்டுரைக்குள்ளேயே மறைகுறிப்பாக எழுதி வைத்தார்கள். வாசிக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. ‘திருத்து’ என்பதை அழுத்தி, திறக்கிற பெட்டிக்குள் பார்த்தால் மட்டும் தெரியும்.

யசோதா சென்டருக்கு வெளியே வந்து கிரணுக்கு போன் போட்டாள்.

“கிரண், அந்த மஞ்சப் பெட்டிய வெச்சது யாரு?”

“நான்தாங்க்கா.”

“நீயா?”

“விதிக்கா. புகார் வந்தா யாராவது வெச்சே ஆகணும். நம்ம கட்டுரைன்னு நான் கண்டுக்காம விட்டா, நிர்வாகியே பாரபட்சம்னு எழுதுவாங்க.”

“பழைய பதிப்பெல்லாம் தேதியோட, நிமிஷத்தோட உள்ள இருக்கே. மார்ச் மாசம் ஆரம்பிச்சோம். அந்த ஆளு புக்கு இந்த மாசந்தானே வருது?”

“வர்றது ரெண்டாம் பதிப்புக்கா. முதல் பதிப்பு 2005-ன்னு புக்குக்குள்ள போட்டிருக்கு.”

“அந்த முதல் பதிப்ப யாரு பாத்தா?”

“யாரும் பாக்கல. ஆனா அச்சுல இருக்கே.”

அச்சில் இருக்கிறதே! இந்த நாட்டில் ஒரு பொய்க்கு அட்டை போட்டுவிட்டால் அதற்குத் தனி மரியாதை. லைப்ரரியில் இடம், மேடையில் சால்வை, கட்டுரையின் அடியில் மேற்கோள்.

திங்கட்கிழமை அந்தப் புத்தகம் தானாகவே யசோதாவைத் தேடி வந்தது. பீன்யாவில் பிளேட்டிங் ஆட்களுக்கு வகுப்பு எடுக்கிற ஒரு பயிற்சி நிலையம் அதைப் பாடநூலாக எடுத்திருந்தது. கம்பெனி முதலாளிகளுக்கு ஆளுக்கொரு பிரதி அன்பளிப்பு. முதலாளி அதைப் பிரிக்காமலே லேபுக்கு அனுப்பிவிட்டார். மத்தியானச் சோறு ஆற ஆற யசோதா வாசித்தாள். அவளுடைய வாக்கியங்கள்தான், ஆனால் வேட்டி கட்டி விபூதி பூசியிருந்தன. ‘கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும்’ என்று அவள் எழுதியது, ‘உலோக இழையிற் பிணித்து ஞாற்றுதல் வேண்டும்’ என்று ஆகியிருந்தது.

எண்பத்து நான்காம் பக்கத்தில் அவள் கை நின்றுவிட்டது.

‘முலாமிட்ட பொருள்களைக் கழுவிய நீர் அனைத்தும் ஒரே பொதுத் தொட்டியிற் சேர்க்கப்படும்.’

இந்த வரி அவளுக்குத் தெரியும். ஏப்ரலில் கிரண் ஒரு ஆங்கில விளக்கப்படத்தைப் பார்த்து எழுதிப் போட்ட வரி. அச்செடுத்துக் காட்டியபோது சிரில் பென்சிலை உடைத்தே விட்டார். “இன்னாது? சயனைடு கழுவின தண்ணியும் ஆசிட் கழுவின தண்ணியும் ஒண்ணா ஊத்துறதா? எவன் எழுதினான்? கேஸ் கிளம்பும்மா! மூச்சு இழுத்தா ஆள் காலி. கூட்டினு வா அவன, தொட்டி பக்கத்துல நிக்க வெப்போம்!” இரண்டே நாளில் வரியை அடித்துவிட்டு, இரண்டு கழிவுநீரும் ஒருபோதும் சேரக் கூடாது, தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய் என்று தடித்த எழுத்தில் மாற்றினார்கள். அந்த எச்சரிக்கையின் அச்சுப்பிரதி இன்றைக்கும் கம்பெனியில் உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.

ராஜேந்திரன் அந்த இரண்டு நாளில் எடுத்திருக்கிறார். சரி செய்த வரி இப்போது மஞ்சள் பெட்டிக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. தப்பான வரி கெட்டி அட்டைக்குள் பாடமாகி நிற்கிறது. பயிற்சி நிலையத்தில் அடுத்த திங்கள் புது வகுப்பு. அறுபது பேர்.

திருட்டுப் பட்டம் யசோதாவுக்கு மறந்தே போய்விட்டது. புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த நம்பரைச் சுழற்றினாள்.

“வணக்கம். செந்தமிழ் அறிவியல் ஞாயிறு ராஜேந்திரன் பேசுகிறேன்.”

தன்னைத்தானே ஞாயிறு என்று சொல்லிக்கொள்கிற ஆளிடம் எங்கே ஆரம்பிப்பது? களஞ்சியக் கட்டுரையை எழுதியவள் என்று சொல்லி நேராக ஆரம்பித்தாள். எண்பத்து நாலாம் பக்கம், சயனைடு, ஆசிட், விஷவாயு. அவர் நடுவில் மறித்தார்.

“அம்மா, தாங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?”

“பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. பதினாலு வருஷமா லேப்ல இருக்கேன், சார்.”

“நான் நாற்பதாண்டுகள் பேராசிரியன். முனைவர்.”

“முனைவர் பட்டம் எதுல சார்?”

“பழந்தமிழரின் உலோக உணர்வு.”

“உணர்வு இருக்கட்டும் சார். அந்தத் தண்ணி ரெண்டையும் சேத்தா ஆள் செத்துடுவான்.”

“பிழையிருப்பின் அடுத்த பதிப்பில் பார்க்கலாம். முதலில் தாங்கள் என் நூலிலிருந்து எடுத்ததற்கு மன்னிப்பு எழுதித் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நூல் வெளியீட்டு விழாவுக்கு வரலாம். உணவு உண்டு.”

போனை வைத்துவிட்டார். அடுத்த பதிப்பாம்! மனுஷனுக்கு மட்டும் இரண்டாம் பதிப்பு உண்டா என்ன?

பயிற்சி நிலையத்துக்கும் பேசினாள். முதல்வர் அசோகன் நிதானமான மனிதர். “மேடம், நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா புத்தகத்தக் காப்பி அடிச்சதா உங்க மேலேயே ஒரு புகார் இருக்குதாமே? பேராசிரியர் சொன்னார். அது தீரட்டும், அப்புறம் பேசலாம்” என்றார். திருடன் முந்திக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் புத்தகத்தோடு சிரில் வீட்டுக்குப் போனாள். கிரணையும் வரச் சொல்லியிருந்தாள். சிரிலின் மனைவி ஜூடித் மூவருக்கும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, புத்தகத்தை எடுத்துச் சும்மா புரட்டினாள். தொண்ணூற்று ஒன்றாம் பக்கத்தில் திடுக்கிட்டாள்.

“ஏங்க, உங்க பேரு போட்டிருக்கு!”

“வேற சிரிலா இருக்கும்டீ. படி.”

ஜூடித் தேவாலயத்தில் வாசகம் வாசிக்கிற குரலில் வாசித்தாள்: “முலாம் தொட்டியின் வெப்பநிலை ஐம்பத்தைந்து பாகை என்பது சிரில் என்னும் அறிஞரின் துணிபு. அறுபது என்பாரும் உளர். இதனைச் செவ்வாய்க்கிழமைகளிற் சரிபார்த்தல் மேலைநாட்டு மரபு. இம்மதிப்பு ‘சிரில் மாறிலி’ எனப்படும்.”

யசோதாவுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அது அவள் கிரணுக்கு எழுதிய மறைகுறிப்பு. ‘நிக்கல் தொட்டி சூடு: சிரில் அண்ணா 55 என்கிறார், புத்தகங்களில் 60. செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.’ செவ்வாய்க்கிழமைதான் அவள் தொட்டிகளைச் சோதிக்கிற நாள். வாசிக்கிற பக்கத்தில் அது வரவே வராது. ‘திருத்து’ பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை மொத்தமாக வழித்து எடுத்தவன் கையில்தான் கிடைக்கும்.

சிரில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “நான் மேலைநாடா? ஜீவனஹள்ளிக்கு மேற்கால இன்னா இருக்குது, பிரேசர் டவுன்!”

கிரண் மட்டும் சிரிக்கவில்லை. யசோதா அவன் பக்கம் திரும்பினாள்.

“இப்ப ஆதாரம் கெடச்சிடுச்சில்ல? பழைய பதிப்ப எல்லாம் எடுத்து வரிக்கு வரி வெச்சுக் காட்டு. ஏப்ரல் ரெண்டு நாள் பதிப்புதான் இந்தப் புக்கு. அந்தத் தொட்டி வரி, இந்தச் சூடு வரி, ரெண்டும் அதுல மட்டுந்தான் சேந்து இருக்கு.”

“அக்கா… அந்தத் தொட்டி வரி நான் எழுதினது.”

“தெரியும்.”

“நான் நிர்வாகி. ஆள் சாகற மாதிரி ஒரு வரி நான் எழுதினேன்னு நானே எல்லாருக்கும் காட்டணுமா? இத்தன நாள் ஊருக்கெல்லாம் தப்புத் திருத்தினேன். கேவலமா இருக்கும்க்கா.”

யசோதாவுக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “கேவலமா? தப்பா எழுதின, இவரு திட்டினாரு, ரெண்டே நாள்ல மாத்தின. அதுல என்ன கேவலம்? அந்தாளப் பாரு. போன் போட்டுச் சொல்றேன், ஆள் சாவான்னு. அடுத்த பதிப்புங்கறான். உனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்னு திங்கட்கிழமைக்குள்ள சொல்லிடு.”

கிரண் காபியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு அதைக் குடிக்காமலே பையை எடுத்துக்கொண்டு போனான்.

“ஓவராப் பேசிட்டியோ?” என்றாள் ஜூடித்.

“பத்தாது” என்றார் சிரில்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரேசர் டவுனில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் ராஜேந்திரனின் படம், ராஜேந்திரனை விட இரண்டு மடங்கு உயரம். வரவேற்புரை முடிந்து, வாழ்த்துரை முடிந்து, வாழ்த்துரைக்கு ஒரு வாழ்த்துரை முடிந்தது. பதினோரு சால்வைகளும் போர்த்தியாகி, முகம் மட்டும் மேலே தெரிய, பேராசிரியர் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினர் வரிசையில் அசோகன். அவர் முன்னால் மேஜையில் பயிற்சி நிலையத்துக்கான அறுபது பிரதிகளும் ரிப்பன் கட்டி அடுக்கியிருந்தன. யசோதா, சிரில், ஜூடித் மூவரும் மூன்றாவது வரிசை. கிரண் வரவில்லை.

ஏற்புரை நாற்பது நிமிஷம் ஓடியது. “ஐயங்கள் இருப்பின் கேட்கலாம்” என்று பேராசிரியர் முடித்தார். கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எல்லாரும் சொல்கிற வாக்கியம் அது.

சிரில் எழுந்தார். ஈஸ்டருக்கு வாங்கிய சட்டை.

“ஐயா, தொண்ணூத்தி ஒண்ணாம் பக்கத்துல சிரில்னு ஒருத்தரு வர்றாரே, அவரு யாருங்க?”

பேராசிரியர் புன்னகைத்தார். பாமரனுக்கு அறிவூட்டும் வாய்ப்பு யாருக்குத்தான் இனிக்காது? “நல்ல வினா. சிரில் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வேதியியலாளர். முலாமிடுதலின் தந்தை எனலாம்.”

“உசுரோட இருக்காருங்களா?”

“அமரராகி நூறாண்டு கடந்துவிட்டது.”

“எப்படிப் போனாருங்க?”

“ஆய்வின்போதே. தொட்டியருகில்.”

“அதுவும் சரிதான், பாதி போயிட்டாரு” என்று சொல்லிக்கொண்டே சிரில் மேடையேறி, சட்டைப்பையிலிருந்து கம்பெனி அடையாள அட்டையை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். “சிரில். பிளேட்டிங் ஃபோர்மேன். பீன்யா ரெண்டாவது ஸ்டேஜ். செவ்வாய்க்கிழமை லீவு போடமாட்டேன்.”

முதலில் பின்வரிசையில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. சமையல்காரர்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். பேராசிரியர், “இது திட்டமிட்ட சதி… உலகில் சிரில்கள் பலர்…” என்று மைக்கில் சொல்லிப் பார்த்தார். சிரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

யசோதாவுக்கு இந்தச் சிரிப்பு போதவில்லை. ஜனங்கள் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். அறுபது புத்தகமும் ரிப்பனோடு பீன்யாவுக்குப் போய்விடும். மேடைக்குப் போனாள். பேராசிரியரைத் தாண்டி அசோகன் முன்னால் நின்றாள்.

“சார், சிரிச்சது போதும். எண்பத்து நாலாம் பக்கம் எடுங்க.”

“மேடம், அந்தப் புகார்…”

“அது தீந்துடுச்சு சார்.” சொன்னது யசோதா இல்லை. மண்டப வாசலிலிருந்து மூச்சிரைக்க வந்துகொண்டிருந்த கிரண். கையில் அச்செடுத்த தாள்கள். “காலையில களஞ்சியத்துல எழுதிட்டேன். ஏப்ரல் பதிப்பும் இந்தப் புக்கும் வரிக்கு வரி. மத்த நிர்வாகிங்க பாத்துட்டாங்க, பெட்டிய எடுத்தாச்சு.” தாள்களை அசோகன் முன்னால் வைத்தான். “எண்பத்து நாலுல இருக்கற அந்த வரிய எழுதினவன் நான் சார். தப்பு. ரெண்டு தண்ணியும் சேந்தா விஷவாயு. ரெண்டு நாள்ல திருத்தினோம். இவரு திருத்தாததத் திருடிட்டாரு.”

அசோகன் தாளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், கடைசியாகப் பேராசிரியரைப் பார்த்தார். அவர் முதல்வராவதற்கு முன்னால் ஆறு வருஷம் தொட்டிகளுக்கு நடுவே ஷாப் ஃப்ளோரில் நின்றவர். அந்த வரியை அவர் அதுவரை வாசிக்கவே இல்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது. பாடநூலைத் தேர்ந்தெடுக்கிறவர் அதை வாசிப்பது நம் வழக்கத்தில் இல்லை.

“ஐயோ” என்றார் மெதுவாக. “ஒந்து நிமிஷ, ஒந்து நிமிஷ. நாளைக்கு கிளாஸ்.”

“புக்க நிறுத்துங்க” என்றாள் யசோதா.

“நிறுத்தினா வேற புக்கு இல்ல மேடம். மேல கேட்டு எழுதி, பதில் வர ஒரு மாசம்…”

ஜூடித் முதல் கட்டின் ரிப்பனை அவிழ்த்தாள். எண்பத்து நாலாம் பக்கத்தைத் தேடி, தாளை அடியோடு பிடித்து, ஒரே இழுப்பு. சர்ரென்ற சத்தம் மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது.

“நூலைக் கிழிப்பதா! இதுவா தமிழ்ப் பண்பாடு?” என்று ஞாயிறு கொதித்தது.

“பயப்படாதீங்க ஐயா” என்றார் சிரில். “என் பக்கம் தொண்ணூத்தி ஒண்ணு. அதுல கைவெக்க மாட்டோம்.”

நால்வரும் கிழித்தார்கள். ஐந்தாவது பிரதியிலிருந்து அசோகனும் சேர்ந்துகொண்டார். அறுபது தாளையும் யசோதா எண்ணிப் பைக்குள் போட்டாள். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. பாயசத்தின் வாசனை வாசல்வரை வந்து வழியனுப்பியது. அடுத்த நாள் காலையில், உடை மாற்றும் அறைக் கதவில் இருந்த எச்சரிக்கைக்கு அறுபது நகல் எடுத்து, கிழித்த இடத்தில் ஒட்டச் சொல்லி அசோகனிடம் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

கட்டுரை பழையபடி வந்துவிட்டது. ஆனால் நல்ல காரியம் தமிழ்நாட்டிலும் சரி, அதற்கு வெளியிலும் சரி, இரண்டு நாளுக்கு மேல் நிம்மதியாக இருந்ததில்லை. புதன்கிழமை யசோதா திறந்து பார்த்தபோது, ‘இரண்டு கழிவுநீரும் ஒருபோதும் சேரக் கூடாது’ என்ற வரிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சின்ன எழுத்தில் ஒட்டியிருந்தார்: ‘சான்று தேவை.’ கூடவே விளக்கமும்: ‘அச்சில் வந்த நூல் ஒன்றைக் காட்டவும்.’

வீட்டுக்குப் போகிற வழியில் சிரிலிடம் சொன்னாள்.

“இன்னா வேணுமாம்? சான்றா? என் மூக்கப் படம் புடிச்சுப் போடேன்.”

“ஒத்துக்க மாட்டாங்கண்ணா. மூக்கு அச்சுல வரல.”

கிரண் ஆங்கிலப் பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தேடி எடுத்து, பக்க எண்ணோடு சான்று வைத்தான். சனிக்கிழமை யசோதா அதைச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. ராஜேந்திரன் ஒருத்தரோடு இது முடிகிற சங்கதியா? ‘திருத்து’ என்பதை அழுத்தினாள். பெட்டி திறந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில், வாசிக்கிறவர் கண்ணில் படாத இடத்தில், எழுதினாள்:

‘காப்பி அடிக்க வந்திருக்கும் ஐயா அவர்களுக்கு: மற்றதையெல்லாம் உங்கள் இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரியை மட்டும் அப்படியே காப்பி அடியுங்கள். – ய.’